பேக்கப்பிலிருந்து போனை மீட்டெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டியும் சில மனக்குறைகளும்

செட்டிங்ஸில் பேக்கப் பக்கத்தைத் திறந்தால் ஒரு பொத்தான் ஒளிர்கிறது. கடைசியாகப் பேக்கப் எடுத்த நேரம் அதன் கீழே இருக்கிறது. பெரும்பாலோர் அதைப் பார்த்ததும் நிம்மதியாகப் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். பேக்கப் நடக்கிறது என்பதற்கு மேல் அந்தப் பொத்தான் எதுவும் சொல்வதில்லை. எது அதில் சேர்ந்தது, எது விடுபட்டது, நாளை வேறொரு போனில் எது திரும்பி வரும் என்பது பற்றி அது வாயே திறக்காது.

ஒரு போனுக்கு ஒரே பேக்கப் என்று எதுவும் கிடையாது. படங்கள் ஓரிடம், தொடர்பு எண்கள் ஓரிடம், வாட்ஸ்அப் உரையாடல்கள் இன்னோர் இடம், செயலிகளின் உள்தரவு வேறோர் இடம். சில விஷயங்கள் எந்த இடத்திலும் இருக்காது. ஒவ்வோர் இடத்துக்கும் தனிச் சாவி உண்டு. மீட்டெடுக்கும்போது தவிப்பவர்களில் பலர் தரவு அழிந்துபோய்த் தவிப்பதில்லை. தரவு பத்திரமாக இருந்தும் சாவி இல்லாமல் தவிக்கிறார்கள். அதனால் இந்த வழிகாட்டி சாவிகளிலிருந்து தொடங்குகிறது.

சாவிகளைச் சேகரியுங்கள்

புதிய போனைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன்பே இவை கையில் இருக்க வேண்டும்.

முதலாவது, கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கின் முகவரியும் கடவுச்சொல்லும். இரண்டு மூன்று கூகுள் கணக்குகள் வைத்திருப்பவர்கள், பேக்கப் எந்தக் கணக்கில் போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேக்கப் பக்கத்திலேயே அது எழுதியிருக்கும்.

இரண்டாவது, பழைய போனின் திரைப்பூட்டு எண். இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல், செயலித் தரவு போன்றவை உங்கள் திரைப்பூட்டை வைத்தே பூட்டப்பட்டு கூகுளிடம் போகின்றன. கூகுளே நினைத்தாலும் அதைத் திறக்க முடியாது. புதிய போனில் மீட்டெடுக்கும்போது பழைய போனின் பின் எண்ணையோ கோலத்தையோ கேட்பார்கள். எப்போதும் கைரேகையை வைத்தே திறந்து பழகியவர்களுக்கு அந்த எண் மறந்துபோயிருக்கும். இன்றே ஒரு முறை எண்ணைத் தட்டித் திறந்து பாருங்கள்.

மூன்றாவது, அதே கைபேசி எண். போன் தொலைந்துவிட்டதென்றால், புதிய போன் வாங்குவதைவிட அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்குவதுதான் முதல் வேலை. ஓடிபி வராமல் ஒரு கதவும் திறக்காது.

நான்காவது, அவசரக் குறியீடுகள். இரண்டடுக்குச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு சான்றும் கேட்கும் முறை) வைத்திருக்கும் கூகுள் கணக்குக்கு எட்டு இலக்கம் கொண்ட 10 குறியீடுகள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் ஒரு முறைதான் பயன்படுத்தலாம். "உங்கள் போனில் ஆம் என்று தட்டுங்கள்" என்று கூகுள் கேட்கும் நேரத்தில் அந்தப் போன் தண்ணீருக்குள் இருந்தால், உங்களைக் காப்பாற்றப்போவது இந்த எண்கள்தான். ஆப்பிளில், ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 15 முதல், நம்பிக்கையான ஒருவரை மீட்புத் தொடர்பாளராகச் சேர்த்து வைக்கலாம்.

ஐந்தாவது, வாட்ஸ்அப் பேக்கப்பை நீங்களாகவே பூட்டியிருந்தால் அதன் கடவுச்சொல் அல்லது 64 இலக்கச் சாவி. ஐபோனைக் கணினியில் பேக்கப் எடுத்துப் பூட்டியிருந்தால் அந்தக் கடவுச்சொல்லும் வேண்டும்.

இவற்றைக் காகிதத்தில் எழுதுங்கள். போனில் இருக்கும் குறிப்புச் செயலியில் மட்டும் எழுதி வைப்பது, பெட்டிக்குள் சாவியைப் போட்டுப் பெட்டியைப் பூட்டும் வேலை.

திரை உடைந்திருக்கிறதா? போனை அணைக்காதீர்கள்

கீழே விழுந்து திரை கறுத்துப்போன போன் இன்னும் அதிர்கிறது, மணி அடிக்கிறது என்றால், அதற்குள் உயிர் இருக்கிறது. பதற்றத்தில் அதை அணைத்து மறுபடி போடுவதுதான் பலரும் முதலில் செய்வது. செய்யவே கூடாதது அதுதான். மறுதொடக்கம் ஆன போன், ஒரு முறையாவது பின் எண்ணைத் தட்டினால்தான் தன் தரவைத் திறக்கும். கைரேகையோ முகமோ அப்போது செல்லாது. திரை இல்லாமல் எண்ணை எங்கே தட்டுவது?

தானியங்கிப் பேக்கப் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்ததென்றால், போனைச் சார்ஜரில் போட்டு, வழக்கமான வைஃபை கிடைக்கும் இடத்தில் இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். பூட்டிய நிலை, மின்சாரம், வைஃபை ஆகிய மூன்றும் சேர்ந்தால், ஆப்பிளின் இணையச் சேமிப்பான ஐகிளவுடுக்குப் பேக்கப் தானாக நடக்கும். ஆண்ட்ராய்டும் ஏறக்குறைய இதே நிபந்தனைகளில், சும்மா இருக்கும் நேரம் பார்த்துத்தான் பேக்கப் எடுக்கிறது. காலையில் கணினியில் உங்கள் கணக்கைத் திறந்து படங்கள் வந்து சேர்ந்தனவா என்று பார்க்கலாம்.

ஆண்ட்ராய்டு போனில் காட்சி தெரிகிறது, தொடுதல் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் இன்னும் நல்லது. சார்ஜர் துளையில் யூஎஸ்பி கருவிகளைச் செருக உதவும் ஒரு ஓடிஜி இணைப்பான் வாங்கி, சாதாரணக் கணினி மவுஸைச் செருகுங்கள். திரையில் அம்புக்குறி தோன்றும். அதைக் கொண்டே பூட்டைத் திறந்து, பேக்கப் எடுத்து, படங்களையும் நகலெடுத்துவிடலாம்.

போன் முற்றிலும் செத்துவிட்டால், நினைவகச் சிப்பை மட்டும் கழற்றிப் படித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம். இன்றைய போன்களில் சேமிப்பு முழுவதும் மறைகுறியாக்கம் செய்யப்பட்டது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி எழுதப்பட்டது. போனின் அதே மின்சுற்றுப் பலகை உயிர்பெற்று, அதே பின் எண் தட்டப்பட்டால்தான் எழுத்து எழுத்தாகத் தெரியும். பலகையைப் பழுதுபார்க்கும் திறமையான கைகள் இருக்கின்றன. அது வேறு வேலை, அதற்கு ஆகும் செலவும் வேறு.

பழைய போன் நலமாக இருந்தால்: நேரடி மாற்றமே மேல்

மேகத்திலிருந்து (கிளவுட், அதாவது இணையத்தில் இருக்கும் சேமிப்பு) மீட்பதைவிட, இரண்டு போன்களையும் பக்கத்தில் வைத்து நேரடியாக மாற்றுவது ஏறக்குறைய எல்லா வகையிலும் நல்லது. வேகம் ஒரு காரணம். நொடிக்கு 50 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் 100 ஜிபி தரவை இறக்கக் கணக்குப்படி சுமார் நாலரை மணி நேரம் ஆகும். நடைமுறையில் இன்னும் கூடும்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. ஆண்ட்ராய்டின் மேகப் பேக்கப்பில் ஒரு செயலிக்கு 25 எம்பி மட்டுமே இடம். அதற்கு மேல் தரவு வைத்திருக்கும் செயலியின் பேக்கப் போகாது. செயலியை எழுதியவர் "என் தரவைப் பேக்கப்பில் சேர்க்காதே" என்று ஒரு வரியில் சொல்லிவிடவும் முடியும். நேரடி மாற்றத்தில் அந்த 25 எம்பி வரம்பு இல்லை. ஆண்ட்ராய்டு 12 முதல், மேகத்தில் சேர மறுக்கும் செயலிகளின் தரவைக்கூடச் சில நிறுவனப் போன்கள் நேரடி மாற்றத்தில் கொண்டுவந்துவிடுகின்றன. ஆகவே பழைய போன் கையில் இருக்கும்போது "எல்லாம் கிளவுடில் இருக்கிறதே" என்று அதை முதலில் விற்றுவிடாதீர்கள்.

புதிய ஆண்ட்ராய்டு போனை முதன்முதலாக இயக்கும்போதே, பழைய போனிலிருந்து நகலெடுக்கவா என்று கேட்கும். ஆம் என்று சொல்லி, முடிந்தால் கேபிளால் இணையுங்கள். சாம்சங் போன்களுக்கு ஸ்மார்ட் ஸ்விட்ச் என்ற செயலி தனியாக உண்டு. ஐபோனில், புதியதைப் பழையதன் அருகில் கொண்டுசென்றாலே பழைய போனில் ஓர் அட்டை எழும்பும். அதைத் தொடர்ந்தால் போதும். இரண்டையும் சார்ஜரில் போட்டு வையுங்கள், நடுவில் எடுத்து நோண்டாதீர்கள்.

நேரடி மாற்றம் செய்வதாக இருந்தாலும், அதற்கு முன் மேகத்துக்கும் ஒரு பேக்கப் எடுத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டில் பேக்கப் பக்கம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு இடத்தில் ஒளிந்திருக்கும். செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் கட்டத்தில் பேக்கப் என்று தட்டினால் சீக்கிரம் கிடைக்கும். "பேக்கப் நவ்" என்பதைத் தட்டி, அது முடியும்வரை காத்திருங்கள். ஐபோனில் செட்டிங்ஸ், உங்கள் பெயர், ஐகிளவுட், ஐகிளவுட் பேக்கப் என்று போக வேண்டும்.

இடம் போதவில்லை என்ற எச்சரிக்கை வரக்கூடும். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், படங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து. ஆப்பிள் தருவது 5 ஜிபி. ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய போனுக்கு இந்த 5 ஜிபி ஒரு கேலி. ஆனால் ஐபோன்காரர்கள் பலருக்குத் தெரியாத ஒரு சலுகை இருக்கிறது. செட்டிங்ஸில் ஜெனரல் பகுதியின் கடைசியில் இருக்கும் "டிரான்ஸ்ஃபர் ஆர் ரீசெட் ஐபோன்" பக்கத்துக்குப் போய், புதிய ஐபோனுக்குத் தயாராவதாகச் சொன்னால், பேக்கப்புக்குத் தேவையான இடத்தை ஆப்பிள் 3 வாரம் வரை தற்காலிகமாக இலவசமாகத் தருகிறது. 2021இல் ஐஓஎஸ் 15 உடன் வந்தது இது.

கணினி வைத்திருக்கும் ஐபோன்காரர்களுக்கு என் பரிந்துரை வேறு: கேபிளில் இணைத்துக் கணினியிலேயே பேக்கப் எடுங்கள். மேக்கில் ஃபைண்டர், விண்டோஸில் ஐடியூன்ஸ் அல்லது ஆப்பிள் டிவைசஸ் செயலி. அங்கே பேக்கப்பை மறைகுறியாக்கம் செய்யவா என்று ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் கட்டாயம் டிக் செய்யுங்கள். டிக் செய்யாத பேக்கப்பில் சேமித்த கடவுச்சொற்கள், உடல்நலத் தரவு, அழைப்புப் பட்டியல், வைஃபை விவரங்கள் சேராது. பூட்டினால் அதிகம் சேரும், பூட்டாவிட்டால் குறைவாகச் சேரும் என்ற இந்த ஏற்பாடு வினோதமாகத் தோன்றினாலும், காரணம் நியாயமானதே: பூட்டாத கோப்பில் கடவுச்சொற்களை வைக்க ஆப்பிள் விரும்பவில்லை.

ஆண்ட்ராய்டில் மீட்டெடுப்பு

1. புதிய போனின் ஆண்ட்ராய்டுப் பதிப்பு பழையதைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. உயர்ந்த பதிப்பில் எடுத்த பேக்கப் தாழ்ந்த பதிப்பில் இறங்காது.

2. சிம்மைப் போட்டு, வைஃபையில் இணைந்து, பேக்கப் இருக்கும் கூகுள் கணக்கில் நுழையுங்கள்.

3. பேக்கப் பட்டியல் தோன்றும். இந்தத் திரையில் சற்று நில்லுங்கள். ஒரே மாதிரிப் போனை ரீசெட் செய்து மீண்டும் பயன்படுத்தியவர்களுக்கு, ஒரே பெயர் இரண்டு மூன்று வரிகளில் அடுத்தடுத்து நிற்கும். வித்தியாசம் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் தேதி மட்டுமே. மேலே இருப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டாமல் தேதியைப் படியுங்கள்.

4. பழைய போனின் திரைப்பூட்டு எண்ணைக் கொடுங்கள்.

5. செயலிகள், குறுஞ்செய்திகள், அழைப்புப் பட்டியல், அமைப்புகள் என்று வரும் பட்டியலில் வேண்டியதற்கு டிக் இருக்கிறதா என்று பாருங்கள். செயலிகள் ஒவ்வொன்றாகப் பிளே ஸ்டோரிலிருந்து இறங்கும். தரவு அதனுடன் வந்து சேரும்.

பட்டியலில் உங்கள் பேக்கப்பே இல்லையென்றால் வேறு கணக்கில் நுழைந்திருக்கலாம். அல்லது பழைய போன் 57 நாட்களாக இயங்காமல் கிடந்திருக்கலாம். அவ்வளவு காலம் செயலற்றுக் கிடந்தால் அந்தப் பேக்கப் அழிக்கப்படலாம். போனை அலமாரியில் போட்டுவிட்டு "பேக்கப் இருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று இருப்பவர்கள் இந்த எண்ணை நினைவில் வைக்க வேண்டும். கூகுள் போட்டோஸில் ஏற்றிய படங்களுக்கு இந்த விதி பொருந்தாது.

அவசரத்தில் மீட்டெடுப்பைத் தவிர்த்துவிட்டு முகப்புத் திரைக்கு வந்துவிட்டீர்களா? பெரும்பாலான போன்களில், செயலித் தரவை முழுமையாக இறக்க மறுபடியும் ரீசெட் செய்து முதல் திரையிலிருந்து தொடங்குவதே வழி. தவிர்த்த அன்றே செய்துவிடுங்கள். புதிய போனில் புதிதாக எதுவும் சேர்ந்துவிட்ட பிறகு மனம் வராது.

ஐபோனில் மீட்டெடுப்பு

ஐகிளவுடிலிருந்து முழு மீட்டெடுப்பு செய்ய, பல மொழிகளில் வணக்கம் சொல்லும் முதல் திரை வந்தாக வேண்டும். ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கும் போன் என்றால், அதில் உள்ளதை முதலில் பேக்கப் எடுத்துக்கொண்டு அழிக்க வேண்டும். மொழி, வைஃபை முடிந்ததும் தரவை எங்கிருந்து கொண்டுவருவது என்று கேட்கும் திரையில் ஐகிளவுட் பேக்கப் அல்லது கணினியைத் தேர்ந்தெடுங்கள். பழைய ஐஓஎஸ் பதிப்பில் புதிய பதிப்பின் பேக்கப் இறங்காது என்பதால், முதலில் புதுப்பிக்கச் சொன்னால் மறுக்காதீர்கள்.

கொஞ்ச நேரத்தில் முகப்புத் திரை வந்துவிடும். செயலிகளின் சின்னங்கள் எல்லாம் பழைய இடத்திலேயே, ஆனால் மங்கலாக நிற்கும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிறு வட்டம் மெல்ல நிரம்பிக்கொண்டிருக்கும். படங்கள் பகுதியில் சிறு உருவங்கள் தெரியும். தட்டினால் ஒரு கணம் கலங்கி, பிறகு தெளியும். மீட்டெடுப்பு முடிந்துவிட்டது என்று பலர் இந்தக் கட்டத்தில் வைஃபையை விட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். முடியவில்லை. செட்டிங்ஸில் ஐகிளவுட் பேக்கப் பக்கத்தைப் பார்த்தால் இன்னும் மீட்டுக்கொண்டிருப்பதாகவே காட்டும்.

ஐகிளவுட் பேக்கப்பை நிறுத்திவிட்டாலோ, பயன்படுத்தாமல் விட்டாலோ, கடைசிப் பேக்கப் 180 நாட்கள் வரை வைக்கப்படுகிறது. ஐகிளவுட் போட்டோஸ், தொடர்புகள், குறிப்புகள் போல ஏற்கெனவே ஒத்திசைவில் (சிங்க், போனிலும் மேகத்திலும் ஒரே நிலையில் வைத்திருப்பது) இருப்பவை பேக்கப்புக்குள் வராது. கணக்கில் நுழைந்ததும் தனியாக வந்துவிடும்.

ஒத்திசைவு வேறு, பேக்கப் வேறு என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். ஒத்திசைவில் இருக்கும் படத்தைப் போனில் அழித்தால் மேகத்திலும் அழியும். ஆப்பிளின் குப்பைத் தொட்டியில் 30 நாட்கள், கூகுள் போட்டோஸில் ஏற்றப்பட்ட படங்களுக்கு 60 நாட்கள் அவகாசம் உண்டு. அதற்குப் பிறகு கிடையாது. இடம் காலிசெய்கிறேன் என்று குழந்தைப் பருவப் படங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தவர்களுக்கு இந்த வித்தியாசம் கசப்பாகத்தான் புரிகிறது.

வாட்ஸ்அப்: தனி அத்தியாயம்

மேலே சொன்ன எதையும் வாட்ஸ்அப்புக்கு அப்படியே பொருத்தாதீர்கள். ஆண்ட்ராய்டில் அதன் பேக்கப் கூகுள் கணக்கிலும், ஐபோனில் ஐகிளவுடிலும் தனியாக உட்கார்ந்திருக்கிறது. பழைய போனில் செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப் என்று போய்க் கடைசித் தேதியைப் பாருங்கள். காணொளிகளைச் சேர்க்கும் பொத்தான் தனியாக இருக்கும். கூகுளின் 15 ஜிபியில் இப்போது இதுவும் கணக்கில் வருவதால், இடம் நிறைந்துவிட்டால் பேக்கப் நின்றுபோகும். அந்தத் தேதி பல மாதம் பழையதாக இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

புதிய போனில் அதே எண், அதே கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கு. எண்ணைச் சரிபார்த்ததும் பேக்கப் கிடைத்திருப்பதாகச் சொல்லி ரீஸ்டோர் பொத்தான் வரும். அதன் பக்கத்திலோ கீழேயோ ஸ்கிப் என்று இன்னொன்று சாதுவாக நிற்கும். அதைத் தட்டிவிட்டால் வெறுமையான வாட்ஸ்அப் திறக்கும். அப்படி நடந்தால் புதிய உரையாடலைத் தொடங்காமல், பேக்கப் எடுக்காமல், செயலியை நீக்கி மறுபடி நிறுவி எண்ணைச் சரிபாருங்கள்.

ஆண்ட்ராய்டில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. வாட்ஸ்அப் தினமும் அதிகாலை 2 மணியளவில் போனுக்குள்ளேயே ஒரு நகல் எடுத்து, கடைசி ஏழு நாட்களின் நகல்களை வைத்திருக்கிறது. உள்சேமிப்பில் ஆண்ட்ராய்டு, அதற்குள் மீடியா, அதற்குள் காம்.வாட்ஸ்அப், வாட்ஸ்அப், டேட்டாபேஸஸ் என்று போனால் அந்தக் கோப்புகள் தெரியும். செயலியை நீக்குவதற்கு முன் அந்த வாட்ஸ்அப் கோப்புறையைக் கணினிக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள். புதிய போனில் அதே இடத்தில் வைத்துவிட்டு வாட்ஸ்அப்பை நிறுவினால், உள்ளூர் பேக்கப்பை அது கண்டுகொள்ளும்.

ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கோ, ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கோ மாறுகிறவர்களுக்கு இந்தப் பேக்கப்புகள் உதவாது. கூகுளில் இருப்பதை ஐபோன் படிக்காது, ஐகிளவுடில் இருப்பதை ஆண்ட்ராய்டு படிக்காது. ஐபோனுக்குப் போகிறவர்கள், புதிய போனை அமைக்கும்போதே மூவ் டு ஐஓஎஸ் செயலி வழியாக வாட்ஸ்அப்பையும் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு போன்களும் கையில் இருந்தால்தான் இது நடக்கும்.

வராதவை

வங்கிச் செயலிகள் திரும்பி வந்தாலும் வெறும் கூடாகத்தான் வரும். மறுபடி பதிவு செய்ய வேண்டும். அது நல்லதுதான். இ-சிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியப்படும் சிம்) பேக்கப்பில் இருப்பதில்லை. பழைய போன் இயங்கும்போதே மாற்றுங்கள், அல்லது சேவை நிறுவனத்திடம் புதிதாகக் கேளுங்கள். டெலிகிராமில் கணக்கில் நுழைந்தாலே உரையாடல்கள் வந்துவிடும், ரகசிய உரையாடல்கள் மட்டும் அந்தப் போனோடு போய்விடும். கைரேகை, முகப் பதிவு, பணம் செலுத்தும் அட்டைகள் புதிதாகத்தான்.

உண்மையான ஆபத்து ஆத்தென்டிகேட்டர் செயலிகளில் இருக்கிறது. முப்பது நொடிக்கு ஒரு முறை மாறும் ஆறு இலக்க எண்களைத் தரும் அந்தச் செயலியின் ரகசியச் சாவி போனுக்குள் மட்டும் இருந்தால், போனோடு சேர்ந்து பல கணக்குகளும் பூட்டிக்கொள்ளும். கூகுள் ஆத்தென்டிகேட்டரில் கணக்குடன் ஒத்திசைக்கும் வசதி 2023 ஏப்ரலில்தான் வந்தது. அதற்கு முன்பே நிறுவியவர்கள் அதை இயக்கினீர்களா என்று பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் பழைய போனில் ஏற்றுமதிக்கான கியூஆர் குறியீட்டைக் காட்டி, புதிய போனில் படித்துக்கொள்ளலாம்.

தொடர்பு எண்களிலும் ஒரு பள்ளம் உண்டு. எண்ணைச் சேமிக்கும்போது சிம்மிலோ போனிலோ சேமித்தவை கூகுள் கணக்கில் இருக்காது. கணினியில் கூகுள் தொடர்புகள் பக்கத்தைத் திறந்து, அடிக்கடி அழைக்காத நாலைந்து பேரைத் தேடிப் பாருங்கள். அவர்கள் இருந்தால் மற்றவர்களும் இருப்பார்கள்.

மீட்டெடுத்த பிறகு

போன் சுடும், பேட்டரி வேகமாக இறங்கும். செயலிகள் இறங்குவதும், படங்கள் மறுபடி வகைப்படுத்தப்படுவதும் பின்னணியில் நடப்பதால் ஓரிரு நாட்கள் அப்படித்தான் இருக்கும். புதிய போன் பழுது என்று அதற்குள் முடிவுகட்ட வேண்டாம்.

சரிபார்ப்பதைச் சமீபத்திய படங்களில் தொடங்காதீர்கள். அவை எப்போதும் வந்துவிடும். மிகப் பழைய படம் ஒன்றை, பழைய குறுஞ்செய்தி ஒன்றை, வாட்ஸ்அப்பில் பல ஆண்டுகளுக்கு முன் வந்த குரல்பதிவு ஒன்றைத் திறந்து ஓடவிடுங்கள். படம் மங்கலாகவே நின்றால் அசல் இன்னும் இறங்கவில்லை. பதிவிறக்கக் கோப்புறையைத் தனியாகப் பாருங்கள். வந்திறங்கிய பிடிஎஃப்கள், ஸ்கேன் செய்த சான்றிதழ்கள் அங்கேதான் குவிந்து கிடக்கும். ஆண்ட்ராய்டின் கூகுள் பேக்கப் அந்தக் கோப்புறையைச் சேர்த்திருக்கும் என்று நம்பி இருந்துவிட வேண்டாம், கையால் நகலெடுங்கள்.

போன் செய்பவர்களிடம் கேட்க வேண்டியவை

இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருப்பதே ஒரு குறை. மடிக்கும் திரையும் நாலாவது கேமராவும் செய்யத் தெரிந்தவர்களுக்கு, இதைச் சரிசெய்வது கடினமான வேலையாக இருக்க முடியாது.

முதல் ஆசை எளியது: வராதவற்றின் பட்டியல். எத்தனை செயலிகள் சேர்ந்தன என்பதைப் பேக்கப் பக்கம் பெருமையாகக் காட்டுகிறது. எந்தெந்தச் செயலிகள் சேர மறுத்தன, எவை 25 எம்பியைத் தாண்டி வெளியே நிற்கின்றன என்பதையும் சிவப்பு எழுத்தில் காட்டினால் என்ன? போனுக்கு இது தெரியும். வங்கி மறுப்பதற்கு நியாயம் இருக்கிறது. உங்கள் குறிப்புகளை வைத்திருக்கும் ஒரு செயலி மறுத்தால், அதை நீங்கள் முன்கூட்டியே அறிந்து வேறு செயலிக்குப் போகலாம்.

அடுத்தது, ஒன்றை மட்டும் மீட்கும் வசதி. 2007 அக்டோபரில் ஆப்பிள் தன் மேக் கணினிகளுக்கு டைம் மெஷினைக் கொடுத்தது. போன வாரம் ஒரு கோப்பு எப்படி இருந்ததோ அப்படியே அதை மட்டும் எடுத்துவரலாம். அதே ஆண்டில்தான் முதல் ஐபோனும் வந்தது. அந்த ஐபோனின் வழித்தோன்றல்களில் இன்றும், ஒரே ஒரு விளையாட்டின் பழைய நிலையைப் பேக்கப்பிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் மொத்தப் போனையும் அழிக்க வேண்டியிருக்கிறது. ஆண்ட்ராய்டின் தானியங்கிப் பேக்கப்பில் புதியது வந்ததும் முந்தையது போய்விடுகிறது. ஒரு செயலி தன் தரவைக் கெடுத்துக்கொண்டு, அந்தக் கெட்ட தரவே அன்றிரவு பேக்கப்பாகவும் போய்விட்டால், திரும்பிப் போக நேற்று என்ற ஒன்று இல்லை.

ஒத்திகை வேண்டும். போனை அழிக்காமலே "இந்தப் பேக்கப் திறக்கிறது, இன்னின்னது உள்ளே இருக்கிறது" என்று சோதித்துச் சொல்லும் ஒரு பொத்தான். திரைப்பூட்டு எண் நினைவிருக்கிறதா என்று ஆண்டுக்கு இரண்டு முறை கேட்கும் வழக்கம்கூட இதில் சேரலாம்.

மெமரி கார்டு குழியைத் திருப்பிக் கொடுங்கள் என்றும் கேட்பேன். திரை உடைந்தாலும் பலகை செத்தாலும், கழற்றி வேறொன்றில் செருகிப் படிக்கக்கூடிய ஒரு நகல், எந்த நிறுவனத்தின் அனுமதியும் வேண்டாத நகல், நகத்தின் அளவில் இருந்தது. விலை உயர்ந்த போன்களிலிருந்துதான் அதை முதலில் எடுத்தார்கள். லினேஜ்ஓஎஸ், கிராஃபீன்ஓஎஸ் போன்ற மாற்று ஆண்ட்ராய்டுகளில் உள்ள சீட்வால்ட் என்ற திறந்த மூலப் பேக்கப் கருவி, நீங்கள் செருகும் பென் டிரைவிலேயே பூட்டிய நகலை எழுதித் தருகிறது. தன்னார்வலர்களால் முடிகிறது என்றால் மற்றவர்களாலும் முடியும்.

கடைசிப் படி: பழைய போனை அழிப்பது

எல்லாம் வந்துவிட்டதாகத் தோன்றினாலும் சில வாரங்கள் பழைய போனை வைத்திருங்கள். விடுபட்டது எது என்பது அதைத் தேடும்போதுதான் தெரியவரும். ஆத்தென்டிகேட்டர், இ-சிம், பதிவிறக்கக் கோப்புறை மூன்றையும் மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு அழிக்கலாம்.

நேராக ரீசெட் பொத்தானுக்குப் போகாதீர்கள். ஐபோனில் முதலில், தொலைந்த போனைத் தேட உதவும் ஃபைண்ட் மை வசதியை அணைத்து, கணக்கிலிருந்து வெளியேறுங்கள். ஆண்ட்ராய்டில் திரைப்பூட்டையும் கூகுள் கணக்கையும் நீக்குங்கள். பிறகு செட்டிங்ஸ் வழியாகவே அழியுங்கள். கணக்கை நீக்காமல் பொத்தான்களை அழுத்திப் பிடித்து வரும் மீட்புத் திரை வழியாக அழித்தால், திருட்டைத் தடுப்பதற்காக வைத்த பூட்டு விழித்துக்கொள்ளும். வாங்கியவர் போனை இயக்கும்போது உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும். அப்படி விற்றுவிட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. ஐபோன் என்றால் ஐகிளவுட் தளத்தில் நுழைந்து சாதனப் பட்டியலிலிருந்து அதை நீக்கினால் பூட்டு விலகும். ஆண்ட்ராய்டு என்றால் போன் மறுபடி உங்கள் கைக்கு வந்து, நீங்களே ஒருமுறை கணக்கில் நுழைந்து அதை நீக்க வேண்டியிருக்கும்.